துவக்கு எடுத்தவளிடம் கேட்கும் கேள்விகள்

உங்கள் எல்லோருடைய சான்றிதழ்களையும் பார்த்தேன், பிள்ளைகள். தடித்த தாள், முத்திரை, கையெழுத்து எல்லாம் வடிவாகத்தான் இருக்கின்றன. நாங்கள் இந்தத் தொழிலுக்குள் வந்த காலத்தில் வயிற்றுக்குத்து, வாந்தி, வதிவிட அனுமதி ஆகியவற்றை ஜேர்மன் மொழியில் சொல்லத் தெரிந்தவர் மொழிபெயர்ப்பாளர். எனக்குப் பல்லுவலியும் சொல்லத் தெரியும் என்பதால் கொஞ்சம் மதிப்பாக நடத்தினார்கள். நீங்கள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, எனக்கு விளங்காத வேகத்தில் சுவிஸ் ஜேர்மன் கதைக்கிறீர்கள். ஒரு சொல் வராவிட்டால் கைத்தொலைபேசி சொல்லித் தரும். ஆகவே சொற்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஓய்வுபெற்ற அன்ரி அனுபவம் சொல்லத் தொடங்கினால் இன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரித்தான் என்று உங்களில் யாரோ நினைப்பது தெரிகிறது. நினையுங்கள். காதை மட்டும் இங்கே வையுங்கள்.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் எல்லாம் வகுப்பில் படிப்பித்திருப்பார்கள். படிப்பிக்காத ஒன்று பத்திரிகைக்காரர். ஒருநாள் உங்களையும் கூப்பிடுவார்கள். நல்ல வேலைதான். றெயிலுக்கு ரிக்கெற் தருவார்கள், கோப்பி வாங்கித் தருவார்கள், கூடவே கிப்ஃபெலி என்கிற பிறை வடிவப் பணிசும் தட்டில் வரும். வருகிறவர்கள் மரியாதையான ஆட்கள். நீங்கள் வாயைத் திறக்கும் முன்னரே நன்றி சொல்வார்கள். உலகத்தில் எங்கேயாவது ஒரு பெண் துவக்கோடு பிடிபட்டால், அல்லது குண்டோடு செத்தால், சூரிச்சில் ஏதோவொரு ஆசிரியர் பீடத்தில் யாருக்கோ ஞாபகம் வரும், இந்தத் தமிழர்களிடமும் அப்படிப் பெண்கள் இருந்தார்களே என்று. பிறகென்ன, என்னுடைய தொலைபேசி அடிக்கும்.

அவர்களுடைய கேள்விகள் எனக்கு மனப்பாடம். அம்மாவுக்குத் தெரியுமா? கூந்தலை வெட்டும்போது அழுதீர்களா? பொம்மை வைத்து விளையாடிய ஞாபகம் இருக்கிறதா? பிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, அங்கே ஒரு ஆண் இருந்தாரா? எனக்கு வாய் தானாகவே மொழிபெயர்த்துவிடும். நான் பாட்டுக்கு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் பார்க்காதீர்கள், நீங்கள் புதிது.

ஒருமுறை ஒரு வாராந்த சஞ்சிகை சூரிச்சில் ஓர்லிகோன் பக்கத்தில் இருக்கும் அண்ணை ஒருவரைப் பேட்டி எடுத்தது. அவரும் இயக்கத்தில் இருந்தவர். அவரிடம் பேச்சுவார்த்தை ஏன் முறிந்தது, மக்கள் ஆதரவு எப்படி இருந்தது, எதிர்காலத்தில் என்ன தீர்வு என்று கேட்டார்கள். அண்ணைக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு புத்தக அலுமாரிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார். அலுமாரியில் இருந்தவை மனைவியின் சமையல் புத்தகங்களும் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களும்தான், ஆனால் படத்தில் அது தெரியாது. அவருடைய கூந்தலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அங்கே ஒரு பெண் இருந்தாரா என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணைக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆண் துவக்கு எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்கிறார்கள். பெண் எடுத்தால் யார் எடுத்துத் தந்தது என்று கேட்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கனகாலம் எடுத்தது, ஏனென்றால் இரண்டு கேள்வியையும் அவர்கள் ஒரே அன்பான குரலில்தான் கேட்பார்கள். பதில் என்னவாக இருந்தாலும் அச்சில் வரும்போது அவள் ஒன்றில் அழகான பேய், இல்லாவிட்டால் ஏமாந்துபோன குழந்தை. எங்கள் ஆட்கள் ஏதோ திறம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பேப்பர்கள் அவளைத் தெய்வமாக்கி மாலை போடும். தப்பித் தவறி அவள் உயிரோடு திரும்பி வந்துவிட்டால், ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்று கேட்கும்.

சரி, கதைக்கு வருகிறேன். அதே சஞ்சிகை, ஆயுதம் எடுத்த பெண்களைப் பற்றி ஒரு சிறப்பிதழ் போட்டது. தமிழ்ப் பெண்ணாக அவர்களுக்குக் கிடைத்தவளுக்கு வதனி என்று பெயர் வைத்துக்கொள்வோம். துன் நகரத்தில், ஏரிக்கரையில் உள்ள ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை. சலாட்டும் முன்னுணவுகளும் அவளுடைய பொறுப்பு. அவளுக்குக் கீழே நாலைந்து பேர் நிற்கிறார்கள். அதிகம் கதைக்காத மனுசி. பெயர் போடக்கூடாது, முகம் போடக்கூடாது என்று சொல்லித்தான் சம்மதித்தாள். ஏன் சம்மதித்தாய் என்று நான் கேட்டதற்கு, சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். நானும் தோண்டவில்லை.

பேட்டி எடுக்க வந்தவள் செலீனா. இளம்பிள்ளை, முதல் தடவையாக நீளமான கட்டுரை எழுதுகிறாள். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் நாட்டைப் பற்றி நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வதனிக்கு ஒரு சின்னப் பூச்செண்டும் கொண்டுவந்தாள். ஓர்லிகோன் அண்ணைக்கு யாரும் பூ கொண்டுபோனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும் வரை ஹோட்டல்காரருக்கு ஒரு இடைவேளை உண்டு. அந்த நேரத்தில், வேலையாட்களின் சாப்பாட்டு அறையில் மூவரும் இருந்தோம். வதனி தொடங்கியது தன்னுடைய வேலையைப் பற்றி. அவள் இயக்கத்தில் அரசியல் பிரிவு. சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பெண்பிள்ளைகளோடு கதைப்பதுதான் வேலை. தன்னை ஒருவரும் கூப்பிடவில்லை, தானே யோசித்துத் தானே போனதாகச் சொன்னாள். பிறகு சுகி என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள், நல்ல கெட்டிக்காரி. வதனி அவளுடைய வீட்டுப் படலைக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கதைத்திருக்கிறாள். சுகி வந்தாள். வந்து கொஞ்சக் காலத்தில் சண்டையில் செத்துப்போனாள்.

"நான்தான் கூட்டிக்கொண்டு போனன்" என்று வதனி சொன்னபோது செலீனாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் ஜேர்மன் மொழியில் சொன்னேன். செலீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கே ஒரு ஆண் இருந்தாரா என்று கேட்டாள்.

வதனி பதில் சொல்லாமல் திரும்பவும் சுகியைப் பற்றிச் சொன்னாள். செலீனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறு சொற்களில் அதையே கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது வதனி, இவளுக்கு இதைச் சொன்னால்தான் விடுவாள் என்று நினைத்தாளோ என்னவோ, ஓம் ஒருவன் இருந்தான், பிடித்திருந்தது, ஒன்றும் கதைத்துக்கொள்ளவில்லை, அவனும் செத்துப்போனான் என்றாள். ஒரு நிமிடக் கதை. அந்த ஒரு நிமிடமும் செலீனாவின் பேனை நிற்கவே இல்லை.

பிறகு படம் எடுக்க ரேட்டோ என்பவர் வந்தார். முகம் வேண்டாம் என்றபடியால் கையை எடுக்கலாம் என்றார். வெட்டுப் பலகையில் இருந்த பெரிய கத்தியைக் கண்டதும் அவருடைய முகத்தில் வந்த சந்தோசத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செலீனாவுக்கு அது பிடிக்கவில்லை, பாவம் அந்த மனுசியை இப்படிக் காட்டாதே என்று அவரை இழுத்தாள். அப்படியென்றால் ஏரியைப் பார்த்தபடி நிற்கட்டும், முதுகை எடுக்கிறேன் என்றார். இந்த நாட்டில் துக்கம் உள்ளவர்கள் எல்லோரும் ஏரியைப் பார்க்க வேண்டும் என்பது படக்காரர்களின் சட்டம். நான் கீரை கழுவிக்கொண்டிருப்பேன், வேண்டுமென்றால் அதை எடுங்கள் என்று வதனி சொன்னாள். அதையும் எடுத்தார்கள். எது அச்சில் வரும் என்று உங்களிடம் கேட்கவே தேவையில்லை.

இனிக் கேகன்லேசன் பற்றி. உங்களில் பத்திரிகைப் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே ஜேர்மன் பேசும் பகுதியில் ஒருவரைப் பேட்டி எடுத்தால், அச்சுக்குப் போகுமுன் அவர் சொன்ன வசனங்களை அவருக்கே அனுப்பி, சரியா என்று கேட்பது வழக்கம். அவர் ஓம் என்றால்தான் போடுவார்கள். நல்ல வழக்கம், மரியாதையான வழக்கம். ஆனால் அனுப்புவது அவர் சொன்ன வசனங்களை மட்டும்தான். தலைப்பு, முன்னுரை, படத்துக்குக் கீழே வரும் வரி, இவற்றை எல்லாம் ஆசிரியர் பீடம் தானே வைத்துக்கொள்ளும், காட்டாது. அதாவது உங்களுடைய வாயிலிருந்து வந்த கல்லெல்லாம் சரியான கல்லா என்று உங்களைக் கேட்பார்கள். அதை வைத்து என்ன கட்டுகிறார்கள் என்று கேட்கமாட்டார்கள்.

வதனிக்கு வசனங்கள் வந்த அன்றைக்கு நான் பேர்னில் வேறொரு வேலையில் நின்றேன். செலீனா தொலைபேசியில் வந்தாள். மாலைக்குள் பக்கத்தை முடித்து அச்சுக்குக் கொடுக்கவேண்டும், வதனிக்கு அனுப்பியிருக்கிறேன், ஒருக்கால் போய் வாசித்துக் காட்டி ஓம் வாங்கித் தரமுடியுமா என்றாள். துன் பக்கத்தில்தானே, போனேன். அதே சாப்பாட்டு அறை, அதே இடைவேளை. வதனி கைத்தொலைபேசியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். வசனங்கள் மட்டும் வரவேண்டிய இடத்தில் முழுப் பக்கமும் வந்திருந்தது. படம், தலைப்பு, எல்லாம். பிள்ளை அவசரத்தில் பிழையான கோப்பை அனுப்பிவிட்டாள்.

நான் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்ளும் முன்னரே செலீனா திரும்பவும் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. தவறுதலாகப் போய்விட்டது, வதனி சொன்ன வசனங்களுக்கு மஞ்சள் நிறம் அடித்திருக்கிறேன், அவற்றை மட்டும் வாசித்துக் காட்டுங்கள், மற்றது வழக்கத்தில் இல்லை என்றாள். உண்மைதான், வழக்கத்தில் இல்லை. மஞ்சள் வசனங்களை நான் கண்ணால் ஒருமுறை ஓடிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிழை இல்லை. அவற்றை மட்டும் வாசித்தால் வதனி ஓம் என்பாள், நான் அடுத்த றெயிலில் வீட்டுக்குப் போவேன், எல்லோரும் சந்தோசமாக இருப்போம். இந்த இடத்தில் உங்களுடைய சான்றிதழ் உதவி செய்யாது, பிள்ளைகள். வதனி பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"இதிலை பெரிய எழுத்திலை என்னக்கா எழுதிக்கிடக்கு?"

நான் செலீனாவிடம் சொன்னேன்: பெரிய எழுத்தில் என்ன இருக்கிறது என்று அவ கேட்கிறா, எனக்கு மஞ்சள் எழுத்து மட்டும்தான் வாசிக்கத் தெரியும் என்று சொல்லவா? சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். முன்னால் இருக்கிறவர் தன்னுடைய தொலைபேசியில், தனக்கு வந்ததைக் காட்டி இது என்ன என்று கேட்டால், மொழிபெயர்ப்பாளர் குருடாக முடியாது. நான் முதல் எழுத்திலிருந்து வாசித்தேன்.

தலைப்பு, "காதலுக்காகக் காட்டுக்குள்". அதற்குக் கீழே, வெட்கம் கொண்ட ஒரு கிராமத்துச் சிறுமி ஒரு தளபதியின் கவர்ச்சியில் எப்படிப் போராளியானாள் என்று இரண்டு வரி. பக்கம் முழுக்க ஏரியும் முதுகும். வதனி வேலை செய்த பக்கத்தில் காடே கிடையாது, வெங்காயத் தோட்டமும் பனையும்தான். தளபதி என்றதும் வதனி வாய்விட்டுச் சிரித்தாள்.

"அவன் ஜெனரேற்றர் திருத்திற பெடியன் அக்கா. அவனைத் தளபதியாக்கிப் போட்டினமோ?"

இயக்கம் கொடுக்காத பதவி உயர்வை சூரிச்சில் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு மிச்சத்தை வாசித்தேன். சைக்கிள் இல்லை. யோசித்துப் போனது இல்லை. முதலாவது பத்தியில் அவன் வருகிறான், கடைசிக்கு முதல் பத்தியில் சாகிறான். வதனி குறுக்கிட்டு, சுகி எங்கே என்று கேட்டாள். தேடினேன். கடைசிப் பத்தியில், மஞ்சளில், "நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்" என்று சரியாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் அவர்கள் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: தானே ஏமாற்றப்பட்டவள், இன்றைக்கும் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறாள்.

வதனியின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு விசயத்தைச் சொன்னாள். சுகியின் அக்கா ராணி சூக் நகரத்தில் இருக்கிறா, கந்தோர்களைத் துப்புரவு செய்கிற வேலை. கலியாண வீடுகளில், கோயிலில், இரண்டு பேரும் காண்பார்கள். வதனி இயக்கத்தில் இருந்தவள் என்று ராணிக்குத் தெரியும். சுகியோடு கதைக்கப் படலைக்கு வந்தவள் இவள்தான் என்று தெரியாது. அந்த நாட்களில் ராணி பகலில் வேலைக்குப் போய்விடுவாவாம். சுகியின் பேச்சு வந்தால் ராணி, எந்தப் பாவியோ என்னுடைய தங்கச்சியை மயக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்லி அழுவாவாம். வதனி பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாளாம். இத்தனை வருசமாக நேரே சொல்ல வாய் வரவில்லை. அச்சில் வந்தால், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றுதான் இந்தப் பேட்டிக்கே ஓம் என்றிருக்கிறாள்.

"இதைக் கொண்டுபோய் என்னெண்டு குடுக்கிறது? நானும் ஏமாந்த பிள்ளை எண்டு சொல்லித் தப்பிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள்.

சிரிக்கிற கதையாகத் தொடங்கிய பின்னேரம் அப்படிக் கனத்துப்போயிற்று. நான் செலீனாவைக் கூப்பிட்டு, வதனி ஓம் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் செலீனாவோடு பொறுப்பாசிரியரும் இணைப்பில் வந்தார். தொலைபேசியை ஊறுகாய்ப் போத்தலில் சாத்தி ஒலிபெருக்கியைப் போட்டோம். பெரிய மனுசன், இதமான குரல். வசனங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவே, தலைப்பு எங்களுடைய உரிமை என்று தொடங்கினார். பிறகு இரக்கமாகவும் சொன்னார்: இப்படிப் போட்டால் வாசகர்கள் உங்களுக்காக மனம் இரங்குவார்கள், நீங்கள் சொல்கிற மாதிரிப் போட்டால், ஒரு பெண்பிள்ளையைச் சாவுக்குக் கூட்டிக்கொண்டு போனவள் என்று வெறுப்பார்கள், நாங்கள் உங்களைப் பாதுகாக்கப் பார்க்கிறோம். அந்த மனுசன் பொய் சொல்லவில்லை. அதை நான் அப்படியே தமிழில் சொன்னேன், இரக்கத்தையும் சேர்த்து.

வதனி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"வெறுக்கிறதெண்டால் வெறுக்கட்டும். அது அவையின்ரை விருப்பம். நான் செய்ததைத் தூக்கி அவன்ரை தலையிலை வைக்காதேங்கோ. அவன் செத்துப்போனான், வந்து நான் இல்லை எண்டு சொல்லமாட்டான். நான் இருக்கிறன். என்னைக் கேளுங்கோ."

பொறுப்பாசிரியர் அதை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். நீங்கள் இரண்டு பக்கத்தையும் அறிந்தவர், உங்களுடைய கருத்து என்ன என்று என்னைக் கேட்டார். இது ஒரு பொறி, பிள்ளைகள். உங்களுக்கும் ஒருநாள் இந்தப் பொறியை வைப்பார்கள், அன்பாகத்தான் வைப்பார்கள். எனக்குக் கருத்து இல்லாமல் இல்லை, ஒரு மூட்டை இருந்தது. அவிழ்த்திருந்தால் கதை எனக்கும் அவருக்குமான வாக்குவாதமாகப் போயிருக்கும், வதனி ஓரமாக இருந்து வேடிக்கை பார்த்திருப்பாள். அவ சொன்னதைத்தான் சொன்னேன், அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

அப்போது வதனி ஒரு கேள்வி கேட்டாள். ஆண்களிடமும் இப்படிக் கேட்கிறவர்களோ, ஒரு பெண்ணுக்காகத்தான் போனாயோ என்று? நான் மொழிபெயர்த்தேன். பதில் சொன்னது செலீனா. ஓர்லிகோன் ஐயாவைப் பேட்டி எடுத்த பதிவை நான் கேட்டிருக்கிறேன், அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை, இவரிடம் நான் மூன்று தடவை கேட்டேன் என்றாள். தன்னுடைய மேலாளர் கேட்டுக்கொண்டிருக்க, முதலாவது பெரிய கட்டுரை பறிபோகும் நேரத்தில், அந்தப் பிள்ளை அதைச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு அவளில் தனி மரியாதை. இப்போதும் புதுவருசத்துக்கு வாழ்த்து அனுப்புவாள், பூப் படம் போட்டு.

மிச்சம் சுருக்கம்தான். இந்தத் தலைப்போடு என்றால் நான் சொன்ன ஒரு வசனமும் வரக்கூடாது என்று வதனி சொன்னாள். ஓம் வாங்காமல் போடுவதில்லை என்பதும் அவர்களுடைய வழக்கம்தானே. பொறுப்பாசிரியர் பெருமூச்சு விட்டார், பக்கத்தைத் திரும்பக் கட்ட நேரம் இல்லை என்றார், பிறகு எப்படியோ நேரம் கண்டுபிடித்தார். தலைப்பு "நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்" என்று மாறியது. ஏமாற்றப்பட்டவள் என்ற வரி போயிற்று, சைக்கிள் வந்தது, சுகி மேலே வந்தாள். தளபதி பதவி இறங்கி, ஜெனரேற்றர் திருத்துகிறவனாக ஒரே ஒரு வரியில் நின்றான். ஏரியை மட்டும் அசைக்க முடியவில்லை. வதனி ஓம் சொல்லிவிட்டு, ஏப்பிரனைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சிறப்பிதழ் வந்த கிழமை வதனி என்னைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சூக்குக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றாள். தமிழுக்கும் தமிழுக்கும் நடுவில் இருந்து என்னத்தை மொழிபெயர்க்கச் சொல்கிறாய் என்று பகிடியாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. ராணியக்காவுக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியாது, என்னால் வாயால் சொல்ல ஏலாது, நீங்கள் வாசித்துக் காட்டினால் போதும் என்றாள். இப்படி ஒரு வேலையை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. தமிழில் ஒருத்தி சொன்னதை நான் ஜேர்மனாக்கி, ஜேர்மன்காரர் அதைக் குழப்பி, திருத்தி, அச்சடித்து, அதை நான் திரும்பவும் தமிழாக்கி, பக்கத்துக் கதிரையில் இருக்கும் இன்னொரு தமிழ்ப் பெண்ணுக்குச் சொல்லவேண்டும். போனேன்.

ராணி எங்களைச் சமையலறை மேசையில் இருத்தித் தேத்தண்ணி ஊற்றினா. ஐம்பத்தைந்து வயது இருக்கும், முழங்கால் நோவால் கொஞ்சம் சாய்ந்து நடக்கிற மனுசி. என்ன விசேசம் என்று கேட்டா. வதனி சஞ்சிகையை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இதில் வதனி சொன்னது வந்திருக்கிறது, வாசிக்கட்டோ என்று நான் கேட்டேன். ஓம் வாசியுங்கோ என்றா ராணி. நான் தலைப்பை வாசித்தேன். அடுத்த வரியில் சுகியின் பெயர் இல்லை, பெயர் மாற்றித்தான் போட்டிருந்தார்கள். ஆனால் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளை, ஒழுங்கையின் கடைசி வீடு, சைக்கிளில் வந்து படலையில் நின்று கதைத்தவள் என்று எல்லாம் இருந்தது. ராணி கையை நீட்டி சஞ்சிகைக்கு மேல் வைத்தா.

"பேப்பரை வையுங்கோ அக்கா. அவள் சொல்லட்டும்."

வதனி நிமிரவில்லை. நான் இவளுக்காகக் கதைத்துவிடலாமா என்று என் நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் சொன்னாள்.

"ராணியக்கா, சுகியை நான்தான் கூட்டிக்கொண்டு போனன்."

ராணி அழவில்லை. எழும்பிப் போய் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து இருந்தா. ஏசப்போகிறா, வெளியே போ என்று சொல்லப்போகிறா என்று நினைத்தேன். வதனியும் அதற்குத்தான் ஆயத்தமாக இருந்தாள் என்று அவளுடைய தோளைப் பார்க்கத் தெரிந்தது. ராணி ஆறுதலாகத்தான் கதைத்தா.

"நீ வந்து கதைச்சது உண்மை. நீ கதைச்சதாலை போனாளோ, இல்லாட்டியும் போயிருப்பாளோ, எனக்குத் தெரியாது. உன்னிலை கோவம் இல்லை எண்டு சொல்லமாட்டன். ஆனா போறதுக்கு முதல் நாள் எனக்குச் சொன்னவள். அக்கா, நான் நல்லா யோசிச்சுத்தான் போறன், அம்மாட்டைச் சொல்லாதை எண்டவள். நான் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு ஆரோ மயக்கிப்போட்டுது எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறன்."

வதனி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். ராணி சஞ்சிகையை மடித்து வதனியின் பக்கம் தள்ளிவிட்டா.

"என்ரை தங்கச்சி ஆரும் கூட்டிக்கொண்டு போற பிள்ளை இல்லை. அவள் போனவள். இனி நானும் அப்பிடிச் சொல்லமாட்டன், நீயும் அப்பிடிச் சொல்லாதை."

பிறகு அவர்கள் இரண்டு பேரும் சுகியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். அவள் சண்டை பிடிக்கிற விதம், கணக்கில் கெட்டிக்காரி, கோபம் வந்தால் சாப்பிடமாட்டாள், முகாமில் இருந்த மற்றப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பித்தவள். ராணி அறியாததை வதனி சொன்னாள், வதனி அறியாததை ராணி சொன்னா. எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.